கூரை மழையை ஓடவிடலாமா?

ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் அமைத்துக் குடமிளகாயும் ரோஜாவும் பயிரிடும் சிறு விவசாயிகள் தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணற்றையே நம்புகின்றனர். தலைக்கு மேலுள்ள பாலித்தீன் கூரையில் பெய்யும் மழையோ, ஓரத்தில் வழிந்து வேலியை அரித்துக்கொண்டு ஓடுகிறது. இது வீண் நஷ்டம்.

கணக்குப் பாருங்கள். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 25 சென்ட் குடில் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். ஆண்டுக்கு 800 மி.மீ. பெய்தால் 8 லட்சம் லிட்டர். சேதாரம் போக 6 லட்சமாவது தேறும். நாளொன்றுக்கு 2,500 லிட்டர் பாய்ச்சினால் 240 நாள் தண்ணீர்! அவ்வளவையும் ஒரே சமயத்தில் தேக்க வேண்டியதில்லை. 10 மீட்டர் நீள அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள, சுவர் செங்குத்தான தொட்டி 2 லட்சம் லிட்டர் பிடிக்கும். மழைக்கு மழை நிரப்பிக்கொள்ளலாம். தொட்டியை மூடி வையுங்கள். வெயில் பட்டால் பாசி வளர்ந்து சொட்டுநீர்க் குழாயை அடைக்கும்.

தென்னை நார்க்கழிவுப் பைகளில் வளர்ப்போர், வடியும் உரநீரையும் திரும்பப் பாய்ச்சலாம். ஆனால் உப்புக் கிணற்று நீரில் இது ஆபத்து. செடி ஏற்காத சோடியம் சுற்றச் சுற்றச் சேரும். மழைநீர் கலந்தால்தான் பலமுறை சுழற்ற முடியும். வேரழுகலும் வடிநீரோடு குடில் முழுவதும் பரவும். எனவே மணலில் மெல்ல இறங்கும் வடிகட்டி வேண்டும். சொட்டுநீருக்கு வைக்கும் வேக வடிகட்டி போதாது.

கடன் கேட்கும்போதே தொட்டிக்கும் சேர்த்து மதிப்பீடு கொடுங்கள். பணம் போதாவிட்டால் குடிலை 20 சென்டாகக் குறையுங்கள். தொட்டியைக் கைவிட வேண்டாம்.