ஒரே ஆவடி, இரண்டு பத்தாம் வகுப்பு

நான்கு பாடங்களில் ஐம்பதுக்கு மேல். கணிதத்தில் மட்டும் 19. ஆவடியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த மதிப்பெண் பட்டியல் ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு ஃபிரிட்ஜின் மேல் கிடக்கிறது. அந்தப் பெண்ணுக்கு எண்கள் மனதில் நிற்காது. பால் வாங்கப் போனால் கடைக்காரர் தரும் சில்லறையை எண்ணாமல் கைக்குள் மூடிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொட்டுவாள். அதற்கு டிஸ்கால்குலியா என்று ஒரு மருத்துவர் பெயர் சொன்னபோது அவள் ஒன்பதாம் வகுப்பு. துணைத்தேர்வும் எழுதிப் பார்த்துவிட்டாள். “கணக்கை மட்டும் விட்டுட்டு மத்ததுக்கு பாஸ் போட மாட்டாங்களா சார்?” என்று அம்மா கேட்டார்.

மாநிலப் பாடத்திட்டத்தில் போட மாட்டார்கள். அவளே டாங்க் ஃபேக்டரி ஊழியரின் மகளாகப் பிறந்து, அதே ஆவடியில் கேந்திரிய வித்யாலயாவில் படித்திருந்தால் பதில் வேறு. சிபிஎஸ்இயில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாடம்தான் கட்டாயம். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் பதிலாக ஓவியம், இசை, மனையியல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தமிழக அரசு சலுகையில் கஞ்சத்தனம் காட்டுவதாகச் சொல்ல முடியாது. கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று எல்லாம் உண்டு. பூந்தமல்லி பார்வைத்திறன் குறையுடையோர் பள்ளி மாணவர்கள் இப்படித்தான் பொதுத்தேர்வு எழுதி, கல்லூரிக்கும் அரசு வேலைக்கும் போகிறார்கள். ஆனால் இந்தச் சலுகைகளுக்குப் பின்னால் ஓர் அனுமானம் இருக்கிறது: பிள்ளைக்கு விடை தெரியும், கண்ணோ கையோதான் தடை. விடையே பிடிபடாத பிள்ளைக்கு அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதுதான். சொன்னால்தானே சொல்வதை எழுதுபவர் எழுதுவார்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 17இல் தேர்வு முறையில் மட்டுமல்ல, பாடத்திட்டத்திலும் தக்க மாற்றம் செய்யச் சொல்கிறது. கற்றல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் அச்சட்டத்தின் 21 வகைகளில் அடக்கம். நாம் சட்டத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டோம்.

மீதிப் பாதிக்கு ஊரே கைகாட்டுவது என்ஐஓஎஸ் எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளியை. நல்ல ஏற்பாடுதான். ஐந்து பாடம் போதும், கணிதம் கட்டாயமில்லை, ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொன்றாக முடிக்கலாம். ஆனால் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அங்கே போனால் விட்டுப் போவது வகுப்பறையை மட்டுமல்ல; இலவச பஸ் பாஸ், சத்துணவு, கூட்டாளிகள் எல்லாம் போகும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தால்தான் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் கிடைக்கும், அதுவும் போகும். டுடோரியல் கட்டணம் வேறு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியை விட்டு வெளியேறுவதுதான் வழி என்றால், அதை வழி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தமிழ்நாட்டுக்கு மாற்றி யோசிக்கத் தெரியாமல் இல்லை. எட்டாம் வகுப்பு முடித்து ஐடிஐயில் வயர்மேன் போன்ற ஈராண்டுப் பிரிவில் தேறியவர், தமிழும் ஆங்கிலமும் மட்டும் தனியாக எழுதினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். அம்பத்தூரில் அரசு ஐடிஐயும் இருக்கிறது. பட்டறைக் கணக்கு அங்கேயும் உண்டு. பத்தாம் வகுப்புக் கணிதத் தாள் கிடையாது. அந்தத் தாள் இல்லாமலும் ஒருவர் பத்தாவது தேறியவர்தான் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு, பள்ளிக்குள் ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

ஆசிரிய நண்பர்கள் ஒரு பயத்தைச் சொல்கிறார்கள், அது நியாயமானதும்கூட. தேர்ச்சி விகிதத்துக்காக, கணக்கு வராத பிள்ளைகளையெல்லாம் ‘மாற்றுப் பாடம்’ பக்கம் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்பட்ட பிள்ளைக்குப் பாலிடெக்னிக் கதவு நிரந்தரமாக மூடிவிடும். ஆகவே மருத்துவச் சான்றும் பெற்றோர் ஒப்புதலும் இல்லாமல் மாற்றக் கூடாது. பின்னாளில் கணிதத்தைத் தனித்தேர்வராக எழுத இடம் வைக்க வேண்டும். இவ்வளவு காவல் போட்டால் போதும் என்பது என் எண்ணம்.

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதில் பங்குண்டு. குரூப் 4 எழுதவே பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்பதால், அந்தப் பங்கு இருந்தும் இவளுக்கு எட்டாது.

பதினெட்டு முடிந்ததும் அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் சேர்ந்தாள். பிசிறு வெட்டுகிறாள். கை சுத்தம், கண் கூர்மை என்று அங்கே நல்ல பெயர். செக்கிங்குக்கு மாற்றலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார், பத்தாவது பாஸ் சர்டிபிகேட்டை மட்டும் கொண்டுவரச் சொல்லி.