கொடி நாள் உண்டியலும் ஜவானின் உரிமையும்

ஆண்டுதோறும் டிசம்பர் 7-ம் தேதி கொடி நாள் வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு கடைத்தெருவில் வருகிறார்கள். சிவப்பு, கருநீலம், இளநீலம் என்று மூன்று நிறம் கொண்ட சின்னக் கொடியைச் சட்டையில் குத்திவிடுகிறார்கள். பூ விற்கும் அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நாணயம் போடுகிறார். ஆட்டோத் தொழிலாளி பத்து ரூபாய் போடுகிறார். மேலிடத்திலிருந்து மாவட்டத்துக்கு வசூல் இலக்கு வருகிறது. அது படிப்படியாக இறங்கி, குமாஸ்தாவின் தலையிலும் வாத்தியாரின் தலையிலும் வந்து நிற்கிறது. அவர்களும் கொடுக்கிறார்கள்.

கொடுக்கும் கைகளை நாம் வணங்குகிறோம். பனியிலும் வெயிலிலும் எல்லையில் நின்றவர், காலை இழந்து திரும்பியவர், கணவனைப் பறிகொடுத்தவர் ஆகியோருக்காக என்று கேட்டால், நமது ஏழை மக்கள் இல்லை என்று சொல்வதில்லை. அது நம் மக்களின் மாண்பு. கொடுப்பவரைப் பற்றி நமக்கு ஒரு குறையும் இல்லை. உண்டியலை நீட்டச் சொன்னவரைப் பற்றித்தான் நமது கேள்வி.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது? இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் சுமார் 25 லட்சம் இந்தியரைப் பட்டாளத்தில் சேர்த்தது. யுத்தம் முடிந்ததும் லட்சக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற, அல்லது கால் காணி நிலமுள்ள விவசாயிகளின் பிள்ளைகள். சுதந்திரம் வந்தபின், 1949 ஆகஸ்டு 28-ல், பாதுகாப்பு மந்திரியின் கீழ் அமைந்த கமிட்டி கொடி நாள் அனுஷ்டிக்கத் தீர்மானித்தது. புதிதாகப் பிறந்த ஏழை நாடு மக்களிடம் கை நீட்டியதை அன்று புரிந்துகொள்ள முடியும். முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நாடு ஏவுகணை செய்கிறது, விமானந் தாங்கிக் கப்பல் கட்டுகிறது. உண்டியல் மட்டும் இன்னும் குலுங்கிக்கொண்டிருக்கிறது. ஏன்?

நூறு ரூபாயில் நான்கு காசு

சிப்பாயாகச் சேர்ந்தவர் பொதுவாக 15 ஆண்டு சேவை முடித்தால்தான் அவருக்கு ஓய்வூதியம். அதற்கு முன் வெளியே வந்தவருக்கு அது இல்லை. அப்படி ஓய்வூதியம் இல்லாமல் 65 வயதைக் கடந்த முன்னாள் வீரர்களும் அவர்களது விதவைகளும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஹவில்தார் பதவி வரை இருந்த இத்தகையவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் வறுமை உதவி வழங்கப்பட்டு வந்தது. 2025 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகம் இதை 8,000 ரூபாயாக உயர்த்தியது. பிள்ளைகளின் படிப்புக்கான உதவியையும் மகளின் கலியாணத்துக்கான உதவியையும் அப்படியே இரட்டிப்பாக்கியது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆயினும் கணக்கைப் பார்ப்போம். மாதம் 8,000 என்றால் நாளொன்றுக்கு 270 ரூபாய்க்கும் குறைவு. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலியே 336 ரூபாய்!

சரி, அந்தப் பணமாவது சர்க்கார் கஜானாவிலிருந்து வருகிறதா? அதுவும் இல்லை. இந்த உயர்வுக்கு ஆண்டுக்குச் சுமார் 257 கோடி ரூபாய் ஆகும் என்றும், அது கொடி நாள் நிதியிலிருந்து கொடுக்கப்படும் என்றும் சர்க்காரே அறிவித்தது. 2025-26-ம் ஆண்டின் பாதுகாப்பு பட்ஜெட் சுமார் 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய். 257 கோடி என்பது அதில் நூறு ரூபாய்க்கு நான்கு காசு கூட ஆகாது. அந்த நான்கு காசை எடுத்து வைக்கச் சர்க்காருக்கு மனமில்லை. பூக்கார அம்மாளின் முந்தானை முடிச்சைத் தேடிப் போகிறது!

"ஓய்வூதியத்துக்கென்று 1 லட்சத்து 60 ஆயிரம் கோடி ஒதுக்கியிருக்கிறோமே" என்று பதில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது தானமல்ல; உழைத்தவர் ஈட்டிய ஊதியம். அந்த வரிசையில் நிற்க இடமில்லாதவரைப் பற்றியே நாம் கேட்கிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய கம்பெனி இந்த நிதிக்குக் கொடுத்தால், சட்டப்படி அது செய்ய வேண்டிய சமூகப் பொறுப்புச் செலவில் வரவு வைத்துக்கொள்ளலாம். பூக்கார அம்மாளின் நாணயத்தை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

நான்கு ஆண்டுச் சிப்பாய்

பழையவர்களின் கதை இது. புதியவர்களின் கதை இதைவிட மோசம். 2022 ஜூன் 14-ல் மத்திய சர்க்கார் 'அக்னிபத்' என்ற திட்டத்தை அறிவித்தது. இதன்படி இளைஞர்கள் நான்கே ஆண்டுகளுக்குப் படையில் சேர்க்கப்படுகிறார்கள். முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 ரூபாய் பிடித்தம் போக, கைக்கு வருவது 21,000. நான்கு ஆண்டு முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரையே நிரந்தரமாக்கப்படுவார்கள் என்றது அறிவிப்பு. மற்றவர்களுக்குச் சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவது திட்டம். அதில் ஏறக்குறைய பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்த சொந்தப் பணமும் அதன் வட்டியும்தான். ஓய்வூதியம் கிடையாது. பணிக்கொடை கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது.

இதன் பொருள் என்ன? ஓய்வூதியத்துக்கு 15 ஆண்டு வேண்டும் என்று சொல்லிவிட்டு, நான்கு ஆண்டிலேயே கதவைத் திறந்து விடுகிறார்கள். ஓய்வூதியம் இல்லாத பழைய வீரருக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுப் போடவாவது உரிமை உண்டு. முன்னாள் படைவீரர் என்ற பெயரே இல்லாதவர் எந்த வாசலில் போய் நிற்பார்? துணை ராணுவப் படைகளில் ஒதுக்கீடு உண்டு என்கிறார்கள். ஒதுக்கீடு என்பது விண்ணப்பம் போட ஒரு வரிசை. அதுவே வேலை ஆகிவிடாது. முதலில் சேர்ந்த அணியினருக்கு நான்காண்டு முடியும் கணக்கு 2026 இறுதியும் 2027 தொடக்கமும். தொழிற்சாலையில் காண்டிராக்ட் தொழிலாளியைக் கண்டோம். பள்ளியில் தற்காலிக ஆசிரியரைக் கண்டோம். இப்போது துப்பாக்கி பிடிப்பவரையும் தற்காலிகம் ஆக்கிவிட்டார்கள்!

கேட்டவர்களே பெற்றார்கள்

"ஜவான் வாழ்க" என்று மேடையில் கோஷமிடுவது சுலபம். 2015-ல், ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு, நரைத்த தலையும் மார்பில் மெடல்களுமாய் முன்னாள் வீரர்கள் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். சுதந்திர தினத்துக்கு முதல் நாள், ஆகஸ்டு 14-ல், அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தப் போலீஸ் வந்தது. அவர்கள் கலையவில்லை. செப்டம்பர் 5-ல் சர்க்கார் இறங்கிவந்து திட்டத்தை அறிவித்தது. ஊனமுற்ற வீரர்களுக்குச் சாதகமான தீர்ப்புகளை எதிர்த்துச் சர்க்கார் தொடுத்த எண்ணூறுக்கு மேற்பட்ட அப்பீல்களை 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காலில்லாதவரைக் கோர்ட்டுப் படி ஏறவைத்தது யார்? அவர் சண்டையிட்ட எதிரியா?

இது இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல. முதல் உலக யுத்தத்தில் போரிட்ட அமெரிக்க வீரர்கள், வேலையின்றிப் பட்டினி கிடந்த 1932-ம் ஆண்டில், தங்களுக்கு வாக்களித்த போனஸ் தொகையை உடனே கேட்டு, பெண்டு பிள்ளைகளோடு வாஷிங்டனில் முகாமிட்டார்கள். ஜூலை 28-ல் ஜெனரல் மாக்ஆர்தர் டாங்கிகளோடும் கண்ணீர்ப் புகையோடும் வந்து அவர்களை விரட்டினார், முகாம் எரிந்தது. ஆனாலும் 1936-ல், ஜனாதிபதியின் மறுப்பையும் மீறி, அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. உண்டியல் பெற்றுத் தரவில்லை. ஒற்றுமை பெற்றுத் தந்தது.

"பட்டாளத்துக்காரருக்காக நாம் ஏன் பேச வேண்டும்? நாளை நம் ஊர்வலத்தின் முன் துப்பாக்கியோடு நிற்பவரும் அவர்தானே?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு 1946 பிப்ரவரி 18-ஐ நினைவூட்டுகிறோம். கெட்டுப்போன சோற்றையும் அதிகாரிகளின் வசைமொழியையும் பொறுக்காமல், 'தல்வார்' தளத்தில் கடற்படைச் சிப்பாய்கள் வேலைநிறுத்தம் செய்த நாள் அது. அவர்களுக்காகப் பம்பாய்த் தொழிலாளர்கள் ஆலைகளை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். இருநூறுக்கு மேற்பட்டோர் குண்டடிபட்டு மாண்டார்கள். உடுப்புக்குள்ளே இருப்பவர் நம் விவசாயியின் பிள்ளை என்பதை அந்தத் தொழிலாளர்கள் அறிந்திருந்தார்கள். நாம் யுத்தத்தை விரும்புகிறவர்கள் அல்ல, சமாதானத்தை விரும்புகிறவர்கள். யுத்தத்தின் விலையைத் தன் உடம்பால் கொடுப்பவர் எவரோ, அவர் பக்கம் நிற்பது சமாதான இயக்கத்துக்கு அன்னியமான வேலை அல்ல.

ஆகவே நாம் கோருவது இது:

ஓய்வூதியம் இல்லாத முதிய வீரர்களுக்கும் விதவைகளுக்கும் தரும் தொகையை வசூல் நிதியிலிருந்து எடுத்து, பட்ஜெட்டில் சேர்த்துச் சட்டப்படியான உரிமை ஆக்குக! அதை மனிதர் வாழத்தக்க அளவுக்கு உயர்த்துக! ஊனமுற்ற வீரர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கும் அப்பீல்களைக் கைவிடுக! நான்காண்டுத் திட்டத்தை ரத்து செய்து, முன்போல் நிரந்தரச் சேவையையும் ஓய்வூதியத்தையும் அளித்திடுக!

சர்க்கார் அசையும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். 2022-ல் 'ஸ்பர்ஷ்' என்ற கம்ப்யூட்டர் முறைக்கு மாற்றியபோது, அடையாளச் சரிபார்ப்பு முடியாததால் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரின் ஏப்ரல் மாத ஓய்வூதியம் உரிய நாளில் வரவில்லை. கூக்குரல் எழுந்த பிறகே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத விதவை, கணவரின் பெயர் ஒரு காகிதத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் இருப்பதற்காக எத்தனை முறை பஸ் ஏறுவார்? நமது தொழிற்சங்க, விவசாய சங்க, மாதர் சங்கக் கிளைகள் தங்கள் ஊரில் எத்தனை வீரர் குடும்பங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கட்டும். மனு எழுதிக் கொடுக்கட்டும். அலுவலகத்துக்குக் கூடச் செல்லட்டும். கிடைக்க வேண்டியது கிடைக்கும்வரை விடாமல் நிற்கட்டும். மக்களின் உதவி என்பது காசு மட்டுமல்ல. கூட நிற்பதும் உதவிதான்.

கொடி நாளன்று உண்டியல் வந்தால் நாணயத்தைப் போடுங்கள், தோழர்களே! இன்று பசித்திருப்பவர் நாளைய சட்டத்துக்காகக் காத்திருக்க முடியாது. ஆனால் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடாதீர்கள். ஜவானுக்கு நாடு பட்டிருப்பது கடன். கடனைப் பிச்சையாகக் கொடுப்பதை நாம் ஏற்க மாட்டோம்.