குட்டி விமானத்துக்கு எத்தனை சி.சி. எஞ்சின்?

தாம்பரத்துக்காரர்களுக்கு விமானச் சத்தம் புதிது அல்ல. 1954-ம் ஆண்டு முதல் அங்கே விமானப் படையின் பயிற்சி ஆசிரியர் பள்ளி இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பாடம் சொல்லும் பள்ளி அது! 2024 அக்டோபர் 8-ந் தேதி விமானப் படை நாள் அணிவகுப்பும் தாம்பரத்தில்தான் நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, மெரினா கடற்கரையில் விமானங்கள் குட்டிக்கரணம் போட்டதைச் சென்னையே திரண்டு போய்ப் பார்த்தது.

பக்கத்தில் குரோம்பேட்டை. அங்கே 1949-ல் சி.ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. இருக்கிறது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம். 2018-ல் இந்தக் கல்லூரியின் 'தக்‌ஷா' குழு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார்.

இப்படிப்பட்ட வட்டாரத்தில் வளரும் வாலிபனுக்கு, "நாமும் ஒரு விமானம் பறக்க விட்டால் என்ன?" என்று தோன்றுவதில் ஆச்சரியம் என்ன? முதலில் பாட்டரி விமானம் வாங்குவான். அது பத்து நிமிடத்தில் இறங்கி விடும். அப்புறம் பெட்ரோல் எஞ்சின் மீது கண் போகும். "அப்பா, 50 சி.சி. வாங்கலாமா, 100 சி.சி. வாங்கலாமா?" என்று கேட்பான்.

அப்பா என்ன பதில் சொல்வது?

பொம்மை அல்ல

ரேடியோவில் இயங்கும் பெரிய விமானத்தைப் பொம்மை என்று நினைத்து விடக் கூடாது. 50 சி.சி. எஞ்சின் பூட்டிய விமானத்தின் இறக்கை, ஒரு முனை முதல் மறு முனை வரை 7 அடிக்கு மேல். எடை 7, 8 கிலோ. மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் அது ஒரு சுவரில் மோதினால், அதே எடையைப் பன்னிரண்டாவது மாடியிலிருந்து கீழே போட்டதற்குச் சமம்!

30 சி.சி. என்றால் இறக்கை 6 அடிக்குச் சற்று மேல்; எடை 5, 6 கிலோ. 100 சி.சி.க்கு மேல் போனால் இறக்கை எட்டரை அடி. எடை 11 கிலோவுக்கு மேல்.

சக்தியும் கொஞ்சம் அல்ல. சீனாவில் செய்யும் டி.எல்.இ. 55 என்ற எஞ்சின் ஒன்றரைக் கிலோகூட இருக்காது. ஆனால் ஐந்தரைக் குதிரைச் சக்தி தரும். அரிசி, பருப்பு ஏற்றிக் கொண்டு இரண்டு பேர் போகும் 100 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கே சுமார் 8 குதிரைச் சக்திதான்.

சாகச விமானத்துக்கு இவ்வளவு சக்தி எதற்கு? அது நேராக மட்டும் பறப்பதில்லை. மூக்கை மேலே தூக்கிக் கொண்டு, ஆகாயத்தில் தூண் போல நிற்கும். அப்போது இறக்கை தாங்காது. காற்றாடியின் இழுவை மட்டுமே தாங்க வேண்டும். 8 கிலோ விமானம் நின்ற இடத்திலிருந்து மேலே எழும்ப, 12 கிலோவாவது இழுவை வேண்டும்.

அப்படியானால் பெரிய எஞ்சினாகவே பூட்டி விடலாமே? கூடாது. எஞ்சின் மூக்கில் இருக்கிறது. மூக்கு கனத்தால் விமானம் குப்புறச் சாயப் பார்க்கும். அதைச் சரிக்கட்ட வாலில் ஈயம் வைப்பார்கள். மொத்த எடை இன்னும் கூடும். எஞ்சின் உதறலில் மரச் சட்டங்கள் ஒட்டு விடும். விமானம் செய்தவர் "50 முதல் 60 சி.சி." என்று எழுதியிருந்தால், அதற்குள் நிற்பதுதான் புத்திசாலித்தனம். நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மே மாத மத்தியானம் 38 டிகிரி வெயிலில், குளிர் நாட்டுக் காற்றைவிட இங்கே காற்றின் அடர்த்தி நூறில் ஏழு பங்கு குறைவு. இழுவையும் அந்த அளவு குறையும்.

தலைகீழாக ஓடுவது எப்படி?

மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்க ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. வண்டி கவிழ்ந்தால் எஞ்சின் நின்று விடும். விமானம் தலைகீழாகப் பறக்கிறதே, அதற்கு?

அங்கே கிண்ணம் இல்லை. ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. எஞ்சின் ஓட ஓட அந்தச் சவ்வு துடிக்கும். பெட்ரோலை இழுத்துத் தள்ளும். எந்தப் பக்கம் திருப்பினாலும் கவலை இல்லை. மரம் அறுக்கும் எந்திர வாளில் இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

இந்த எஞ்சின்கள் டூ ஸ்ட்ரோக் வகை. பழைய பஜாஜ் ஸ்கூட்டருக்கு பங்கில் ஆயில் கலந்து போட்டது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே கதைதான் இங்கும். நாற்பதுக்கு ஒன்று என்று செய்தவர்கள் சொல்லியிருந்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி ஆயில்.

பெட்ரோல் மாறி விட்டது

இங்கேதான் புதிய சிக்கல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பங்குகளுக்கு வந்தது. 2025-க்குள் நாடெங்கும் பரவி விட்டது. கரும்பிலிருந்தும் மக்காச் சோளத்திலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள். வெளிநாட்டு எண்ணெய்ச் செலவு குறையும் என்பது அரசின் கணக்கு. அந்தக் கணக்கில் நியாயம் உண்டு. ஆனால் சின்ன எஞ்சின் வைத்திருப்பவனைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

எத்தனால் எரிய, பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும். எஞ்சினை முன்பு சரி செய்தபடியே விட்டால், காற்று மிஞ்சி விடும். மெக்கானிக்குகள் இதை "லீன்" என்பார்கள். எஞ்சின் கொதிக்கும். பிஸ்டன் இறுகிப் பிடித்துக் கொள்ளும். மோட்டார் சைக்கிள் என்றால் ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது?

எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. முன்பு சொன்ன சவ்வு நாளடைவில் விறைத்துப் போகும். ஆகவே எஞ்சின் வாங்கும்போது குதிரைச் சக்தியைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "இந்தப் பெட்ரோலுக்கு ஒத்து வருமா? மாற்றுச் சவ்வு உடனே கிடைக்குமா?" என்று கேளுங்கள். பறந்து முடிந்ததும் டாங்கில் மிச்சம் வைக்கக் கூடாது.

வானம் யாருடையது?

எஞ்சினும் வந்தாயிற்று, பெட்ரோலும் ஊற்றியாயிற்று என்றே வைத்துக் கொள்வோம். எங்கே பறக்க விடுவது?

2021 ஆகஸ்டு 25-ல் வந்த ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து விட்டன. விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோ மீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்க விடக் கூடாது. 8 முதல் 12 கிலோ மீட்டர் வரை 200 அடி உயரம் மட்டும். அதற்கு அப்பால், பச்சைப் பகுதியில் 400 அடி. பொழுதுபோக்குக்காகக் கண் பார்வைக்குள் பறக்கும் 25 கிலோ வரையிலான மாதிரி விமானத்துக்கு ரகச் சான்று வேண்டாம் என்று ஒரு சலுகை உண்டு. ஆனால் 2 கிலோவுக்கு மேற்பட்டதை இயக்குகிறவர் தாம் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்.

ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். மறு பக்கம் தாம்பரம் விமானப் படைத் தளம். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், மாடம்பாக்கம் எல்லாம் இந்த இரண்டின் பிடியில் அடங்கி விட்டன. ஆட்கள் ஏறிய விமானம் தாழ்ந்து இறங்கும் பாதையில் 8 கிலோ எடை குறுக்கே வந்தால் என்ன ஆகும்? ஆகவே இந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்வதற்கில்லை. விமானம் பற்றி இவ்வளவு தெரிந்த ஊரில் ஒரு பையன் விமானம் விட இடம் இல்லை என்பதுதான் வேடிக்கை!

சத்தமும் ஒரு தொல்லை. 22 அங்குலக் காற்றாடி நிமிடத்துக்கு 7,500 சுற்று சுற்றும்போது, அதன் முனை மணிக்கு 790 கிலோ மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. வீட்டின் பின்புறம் அதை ஓட்டிப் பார்த்தால் தெருவே திரண்டு விடும்! கையால் காற்றாடியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்கிற ஆசாமி கெட்டியான கையுறை போடாவிட்டால் விரல் போய் விடும்.

ஆக, 100 சி.சி.யா, 50 சி.சி.யா என்று கேட்கும் பையனுக்கு 30 சி.சி.யே போதும். விமானம் சிறியது, சத்தம் குறைவு, விழுந்தாலும் நஷ்டம் குறைவு. இரண்டு வருடம் அதை ஒழுங்காக இறக்கிக் காட்டினால் 50 சி.சி. பற்றிப் பேசலாம்.

இறக்கையைக் கழற்றிக் காரில் வைத்து, 40 கிலோ மீட்டர் தள்ளி ஒரு திறந்த வெளிக்குப் போய் வர ஐந்து லிட்டர் பெட்ரோல் ஆகும். விமானம் குடிக்கப் போவது ஒரு தடவைக்குக் கால் லிட்டர்!