ஆங்கிலத்தின் உருபு மயக்கம்

ஆங்கிலத்தின் கடினமான பதங்களையெல்லாம் அநாயாசமாகக் கையாளும் நம்மவருள்ளும், 'ஆஃப்', 'வித்', 'டு' என்னும் அற்பமான முன்னிடைச்சொற்களின் எதிரே வந்ததும் திகைத்து நிற்காதவர் அபூர்வம். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபவுட்' வாராதென்று ஆசிரியர் எத்தனை முறை எச்சரித்தாலும், ஒரு விஷயத்தைப் 'பற்றி' விவாதித்தே பழகிய தமிழ் மனம் அந்தப் 'பற்றி'யை எங்கேனும் இறக்கிவைத்தால்தான் சமாதானம் அடைகிறது. போதாக்குறைக்கு, 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லாகிவிட்டால் அதே 'அபவுட்' தாராளமாக வருகிறது. இன்னாரோடு கல்யாணம் என்று சொல்லும் நாம் 'மேரிட் வித்' என்று எழுதி, 'மேரிட் டு' என்று திருத்தப்படுகிறோம். (இன்னாருக்குப் பெண் கொடுத்தோம் என்னும்போது மட்டும் நாமும் ஆங்கிலேயனின் 'டு'வுக்கு அருகில் போய்விடுகிறோம் என்பது வேடிக்கை.)

இவற்றுக்கு நியாயம் தேடுவது வீண். நம் தொல்காப்பியரே உருபுகள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதைக் கண்டு, வேற்றுமை மயங்கியல் என்று தனி இயல் வகுத்து, அச்சத்தைக் குறிக்கும் சொற்களுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் ஒக்கும் என்று விதித்தார். நாமோ இன்று புலி'க்கு'ப் பயப்படுகிறோம்.

ஆங்கிலேயரிடமும் ஏகமனம் இல்லை. 'டிஃபரண்ட்' என்பதன் பின் 'ஃப்ரம்' ஒன்றே வரவேண்டுமென்று நம் பள்ளிகள் சாதிக்க, இங்கிலாந்தில் 'டு'வும் அமெரிக்காவில் 'தேன்' என்பதும் (நாவுக்கினிய தேன் அன்று) சகஜமாக வழங்குகின்றன. 'டு' கூடாதென்பது வெறும் மூடநம்பிக்கை என்று 1926-இல் வெளிவந்த தம் 'மாடர்ன் இங்கிலிஷ் யூசேஜ்' நூலிலேயே ஃபௌலர் எழுதிவிட்டார்.

ஆகவே, பொருள் மாறும் இடத்தில் ஆசிரியர் கண்டிப்பாக இருக்கட்டும்: குழந்தையை 'லுக் ஆஃப்டர்' செய்வது பராமரிப்பு, 'லுக் ஃபார்' என்றாலோ குழந்தை காணாமற் போயிற்று. வழக்கு மட்டுமே வேறுபடும் இடத்தில் மாணவனைத் தண்டிப்பது அநீதி. வினையையும் அதனோடு ஒட்டிய சொல்லையும் சேர்த்தே கேட்டு, சேர்த்தே வாசித்து, ஒரே பதமாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய மாணவனிடம், இரண்டையும் பிரித்துவைத்துக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வது, பூட்டைக் காட்டாமல் சாவியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். 'டிஃபரண்ட் டு' என்றெழுதிப் பள்ளிப் பருவத்தில் நான் இழந்த அரை மதிப்பெண்ணை, ஃபௌலரைப் படித்தபின் திருப்பிக் கேட்கலாமென்று எண்ணினேன். அதற்குள் அந்த ஆசிரியரே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.