விதைக்கச் சொன்னவர்கள் பதில் சொல்ல வேண்டும்

2023 ஜூன் 12 அன்று மேட்டூர் அணையை முதலமைச்சரே நேரில் வந்து திறந்துவைத்தார். அப்போது நீர்மட்டம் 103 அடி. அக்டோபர் 10 அன்று அணை மூடப்பட்டபோது மிஞ்சியது 30 அடியை ஒட்டிய தண்ணீர். இந்த நான்கு மாதத்துக்குள் நாகை, திருவாரூர் மாவட்டக் கடைமடையில் குறுவை கருகிப்போனது. வாய்க்காலில் முறை வைத்து விட்ட தண்ணீர் கடைசி மதகுவரை வந்து சேரவில்லை. தொண்டைக்கதிர்ப் பருவத்தில் வயல் பாளம் பாளமாக வெடித்தது. வெளிவந்த கதிரும் பால் பிடிக்காமல் பதராயிற்று. மனம் வெறுத்த உழவர்கள் தங்கள் பயிரைத் தாங்களே டிராக்டர் விட்டு உழுது அழித்தார்கள்.

மழை பொய்த்தது உண்மைதான். 1901 முதல் உள்ள பதிவுகளில் நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட் அது. மேட்டூருக்குத் தண்ணீர் விட வேண்டிய கர்நாடகமும் செப்டம்பரில் தன் 195 வட்டங்களை வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அதற்காக எல்லாப் பழியையும் வானத்தின் மீது போட்டுவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வதை ஏற்க முடியாது. கருகிய அந்தக் குறுவைக்குப் பயிர்க் காப்பீடு இல்லை. 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் காவிரி டெல்டாவின் குறுவை நெல் காப்பீட்டு அறிவிக்கையில் இடம்பெறவே இல்லை.

அதே ஆண்டுகளில்தான் குறுவை சிறப்புத் தொகுப்புத் திட்டம் என்ற பெயரில் உரமும் விதையும் கொடுத்து, சாகுபடிப் பரப்பு கூடிவிட்டது என்று அரசு பெருமை பேசியது. தொகுப்புத் திட்டத்தை நாம் குறை சொல்லவில்லை. அது தேவையான உதவி. ஆனால் ‘விதையுங்கள்’ என்று ஊக்கம் கொடுத்த அதே கை, விதைத்த பயிருக்கு இருந்த ஒரே பாதுகாப்பையும் எடுத்துவிட்டதே, இது எந்த வகை நியாயம்?

ஒன்றிய அரசின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. உழவர் கட்டும் இரண்டு சதவீதம் போக, மீதிக் காப்பீட்டுக் கட்டணத்தை முன்பு இரண்டு அரசுகளும் பாதிப்பாதியாக ஏற்றன. 2020-இல் டெல்லி தன் பொறுப்புக்கு ஒரு வரம்பு கட்டியது. பாசனப் பகுதியில் கட்டண விகிதம் 25 சதவீதத்தைத் தாண்டினால் கூடுதல் சுமை முழுவதும் மாநிலத்தின் தலையில். டெல்லி கையை இழுத்துக்கொண்டது, சென்னை குறுவையைக் கைவிட்டது. நட்டம் கடைமடைக்காரனுக்கு. காப்பீடு இருந்திருந்தால் ஊர்வாரியாகப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடந்திருக்கும். விளைச்சல் பாதிக்கும் கீழே போகும் என்று பருவத்தின் நடுவிலேயே தெரிந்தால், இழப்பீட்டில் கால் பங்கை முன்பணமாகத் தரவும் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. செப்டம்பரில் கடன்காரன் வாசலில் நின்றபோது அந்தப் பணம் உதவியிருக்கும்.

அதற்குப் பதிலாகக் கிடைத்தது நிவாரணம். அதிலாவது ஓர் ஒழுங்கு இருந்ததா? 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தபோது ஹெக்டேருக்கு 20,000 ரூபாய். கருகிய குறுவைக்கு அக்டோபரில் 13,500. டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மூழ்கிய நெல்லுக்கு 17,000. ஒரே ஆண்டு, ஒரே நெல், மூன்று விலை! பேரிடர் நிவாரண நெறிமுறையில் பாசனப் பயிருக்கான தொகை 2022-இலேயே 17,000 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. அப்படியிருக்க குறுவைக்காரருக்கு மட்டும் பழைய கணக்கு ஏன்? ஏக்கருக்குப் போட்டுப் பார்த்தால் 5,465 ரூபாய். 2017 ஜனவரியில் தமிழகத்தில் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டபோது நெல்லுக்குக் கொடுத்ததும் இதே 5,465 தான். உழவுக் கூலி, நடவுக் கூலி, உரம், டீசல் எல்லாம் ஏறிய அந்த ஏழு ஆண்டுகளில் உழவனின் இழப்புக்கு மட்டும் விலை ஏறவில்லை. இந்தச் சொற்பத் தொகையும் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுபவரின் கைக்கு எளிதில் போய்ச் சேருவதில்லை. பட்டா வேறொருவர் பெயரில் இருப்பதால், சாகுபடி செய்தது தாம்தான் என்று சான்று வாங்க அவர் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடையாக நடக்க வேண்டியிருக்கிறது.

காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. சாதாரண ஆண்டில் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. பற்றாக்குறை ஆண்டில் எப்படிப் பங்கிடுவது என்ற சூத்திரத்தை, அந்த ஆண்டில் அமைந்த ஆணையம் 2023-லும் வகுத்திருக்கவில்லை. பயிர் கருகிக்கொண்டிருந்த வாரங்களில் 5,000 கனஅடியா, 3,000 கனஅடியா என்று கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குறுவை கருகிய இரண்டு மாதத்தில், டிசம்பர் நடுவில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பருவம் இனி பழைய பஞ்சாங்கப்படி நடக்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. வாசல் தெரியாமல் தண்ணீர் நிற்கும் ஊரும் சொட்டுத் தண்ணீர் வராத ஊரும் ஒரே மாநிலத்தில், ஒரே ஆண்டில்.

 ஆண்டுதோறும் நாற்றங்கால் போடும் முன்பே, மே மாதத்துக்குள், குறுவைக்கான காப்பீட்டு அறிவிக்கையைத் தமிழக அரசு வெளியிட வேண்டும். 2020-இல் போட்ட வரம்பை ஒன்றிய அரசு விலக்கி, தன் பாதிப் பங்கை மீண்டும் ஏற்க வேண்டும். குத்தகைச் சாகுபடியாளருக்குச் சான்று வழங்க ஊர்தோறும் முகாம் நடத்த வேண்டும். 13,500 மட்டும் வாங்கிய ஒவ்வொரு குறுவை உழவருக்கும் ஹெக்டேருக்கு 3,500 ரூபாய் அரசு பாக்கி வைத்தது. அதை உடனே கொடுக்க வேண்டும்.