பாடியவளும் பாடுபட்டவளே

பொப் பாடகி ஒருத்தியின் வாழ்க்கையை ஆராய்வது கற்றோர்க்கு அழகன்று என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணங் கொண்டோர் இரு திறத்தர். ஒரு சாரார் பண்பாட்டுக் காவலர். இவர்கள் அவளை மேலைத்தேயச் சீரழிவின் சின்னமாகவே காண்பர். மறு சாரார் முற்போக்காளர். இவர்கள் அவளை முதலாளித்துவம் சந்தைக்கு விட்ட சரக்காகவே கணிப்பர். எல்லாவற்றிலும் முரண்படும் இவ்விரு சாராரும் ஓரிடத்தில் மாத்திரம் உடன்படுகின்றனர்: அச்சரக்கை ஆக்கித் தந்த உழைப்பாளியை இருவருமே காண்பதில்லை. இப்பார்வைக் குறைபாடு எத்துணைக் கொடுமைக்கு இடமளிக்கும் என்பதற்கு அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் வரலாறு தக்க சான்றாகும்.

1981ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்து, லூசியானா மாநிலத்தின் கென்ற்வூட் என்னும் சிறு நகரில் வளர்ந்தவர் இவர். பதினொரு வயதளவிலேயே டிஸ்னி நிறுவனத்தின் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் ஆடிப் பாடத் தொடங்கிவிட்டார். 1997இல் ஜைவ் இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தஞ் செய்தது. 1998இல் முதற் பாடலும் 1999 ஜனவரியில் முதல் இசைத்தொகுப்பும் வெளிவந்தன. அத்தொகுப்பு வெளிவந்த வேகத்திலேயே அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாவது தொகுப்பு, அந்நாட்டில் முதல் வாரத்திலேயே 13 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

பாடல்களை ஆக்கியவர் சுவீடன் நாட்டு மக்ஸ் மார்ட்டின் முதலானோர், அவற்றைச் சந்தைப்படுத்தியது நிறுவனம், ஆகவே அவர் வெறும் பொம்மை என்று சிலர் வாதிடுவர். நெசவாலையில் நெய்பவள் நூலைத் தானே நூற்கவில்லை என்பதற்காக அவளை உழைப்பாளி அல்லள் என்போமா? அரங்கில் ஆடிய உடலும் பாடிய குரலும் அவருடையவை. அவற்றை நம்பி இசைத்தட்டுக் கம்பனியார், நடன ஆசிரியர், முகவர், சட்டத்தரணிகள், புகைப்படக்காரர் எனப் பெருங்கூட்டமொன்று பிழைத்தது. இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டாலன்றிப் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ளல் இயலாது.

2004இல் மணம்புரிந்த அவர், அடுத்த ஈராண்டுகளில் இரு ஆண் குழந்தைகளுக்குத் தாயானார். 2007இல் மணமுறிவு உறுதியாயிற்று. குழந்தைகளை வளர்க்கும் உரிமை பற்றிய வழக்கு நடந்த அவ்வாண்டு முழுவதும் புகைப்படக்காரர் கூட்டம் இரவு பகலாக அவரைத் துரத்தியது. அவ்வாண்டு பெப்ரவரியில் அவர் தமது தலையை மழித்துக்கொண்ட காட்சியை உலகமே வேடிக்கை பார்த்தது. அவரது துயரமும் விலைபோகும் பண்டமாயிற்று. துரத்தியவர்களை எவரும் பித்தர் என்னவில்லை. துரத்தப்பட்டவளே பித்தி எனப்பட்டாள்.

2008 ஜனவரியில் அவர் மனநல மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். பெப்ரவரி தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் மேல் நீதிமன்றம் அவரைத் தற்காலிகப் பாதுகாவலர் ஏற்பாட்டின்கீழ்க் கொண்டுவந்தது. அவரது உடல்நலம், வாழ்க்கை ஆகியவற்றின் மீதான அதிகாரம் தந்தையிடம் சென்றது. சொத்தின் மீதான அதிகாரம் தந்தையிடமும் ஒரு சட்டத்தரணியிடமும் சென்றது. அவ்வாண்டு இறுதிக்குள் தற்காலிகம் நிரந்தரமாயிற்று. கலிபோர்னியச் சட்டத்தின்படி, உணவு, உடை, உறையுள், உடல்நலம் ஆகிய தேவைகளைத் தாமே நிறைவேற்ற இயலாதோர்க்கும், தம் பொருளைத் தாமே நிருவகிக்க இயலாதோர்க்கும் உரிய ஏற்பாடு இது. பெரும்பாலும் முதுமையால் நினைவு தளர்ந்தோர்க்கே அது பயன்படுத்தப்படும். அன்று பிரிட்னியின் வயது இருபத்தாறு.

இனி, இயலாதவர் எனத் தீர்க்கப்பட்ட இப்பெண் செய்தவற்றை நோக்குவோம். அதே ஆண்டு டிசெம்பரில் புதிய இசைத்தொகுப்பு வெளிவந்தது. 2009இல் பல நாடுகளில் இசைப் பயணம். 2012இல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியொன்றில் நடுவர் பதவி. தம்மைப் பற்றித் தீர்மானிக்க அருகதையற்றவர், பிறரைப் பற்றித் தீர்ப்பளிக்க அமர்த்தப்பட்டார்! 2013 இறுதி முதல் 2017 இறுதி வரை லாஸ் வேகாஸ் நகரில் 248 மேடை நிகழ்ச்சிகள். அவற்றின் வசூல் 13 கோடி டொலரைத் தாண்டியது.

இங்கு எழும் வினா எளியது. அவர் உண்மையிலேயே நோயுற்றிருந்தாரெனில், நோயாளியை ஆண்டுக்கணக்கில் மேடையேற்றி ஆடவைத்தது கொடுமை. நோயற்றிருந்தாரெனில், அவரது சொத்தையும் சுதந்திரத்தையும் பிறர் கையில் வைத்திருந்தது பறிப்பு. மூன்றாவது விடையொன்று உண்டெனில் அதனை நியாயங் கூறுவோர் எடுத்துக்காட்டட்டும்.

‘அவர் அழிவின் விளிம்பில் நின்றார், ஏற்பாடு அவரைக் காத்தது, செல்வமும் பெருகியது’ என்பதே அவர்கள் கூறும் நியாயம். தாம் மகளின் நன்மைக்காகவே செயற்பட்டதாகத் தந்தையும் வாதிட்டுவந்தார். 2008இன் தொடக்கத்தில் அவருக்கு உதவி தேவைப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், சில கிழமைகளுக்குரிய உதவி பதின்மூன்று ஆண்டுக் கட்டுப்பாடாக நீண்டது ஏன்? காவலரின் ஊதியம் காக்கப்படுபவரின் சொத்திலிருந்தே வழங்கப்பட்டது. தந்தை பெற்ற மாத ஊதியம் 16,000 டொலர் என நீதிமன்ற ஆவணங்கள் வாயிலாகத் தெரியவந்தது. கட்டுப்பாட்டை எதிர்ப்பதற்கான சட்டச் செலவும், அதனை நிலைநிறுத்துவதற்கான சட்டச் செலவும் ஒரே பணப்பையிலிருந்து, அவருடைய பையிலிருந்தே, சென்றன. தமக்கு விருப்பமான சட்டத்தரணியைத் தெரிவுசெய்யும் உரிமைகூட 2021 யூலை வரை அவருக்குக் கிடைக்கவில்லை. நீடிப்பதால் வருவாய் பெறுவோரிடம், முடிப்பதற்கான முன்முயற்சியை எதிர்பார்ப்பது பேதைமையன்றோ?

2021 யூன் 23ஆம் திகதி அவர் நீதிமன்றத்தில் நேரடியாகப் பேசினார். தம் விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்கப்பட்டதையும், மறுத்தபோது லிதியம் மருந்து கொடுக்கப்பட்டதையும், மீண்டும் தாயாக விரும்பியும் கருத்தடைச் சாதனத்தை அகற்ற அனுமதிக்கப்படாததையும் அவர் எடுத்துரைத்தார். கருப்பையின் மீதும் அதிகாரஞ் செலுத்தும் ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று அழைப்பது மொழிக்கே இழைக்கும் துரோகம். செப்டெம்பரில் தந்தை இடைநிறுத்தப்பட்டார். நவெம்பர் 12ஆம் திகதி ஏற்பாடு முற்றாக நீக்கப்பட்டது.

இதிற் பெண் என்னும் காரணம் இல்லை என்பாருக்கு ஒன்றை நினைவூட்டல் வேண்டும். எல்விஸ் பிரெஸ்லி தம் இறுதி ஆண்டுகளில் மருந்துகளுக்கு அடிமைப்பட்டு, பணத்தை வாரி இறைத்து, 1977இல் நாற்பத்திரண்டு வயதில் மாண்டார். அவரது தந்தை அப்பொழுது உயிருடன் இருந்தார். ஆயினும் எந்த நீதிமன்றமும் மகனின் வாழ்வைத் தந்தையிடம் ஒப்படைக்கவில்லை. ஆணின் தடுமாற்றம் மேதைமைக்குரிய விலை எனப்படுகிறது. பெண்ணின் தடுமாற்றம் அவள் ஆளப்பட வேண்டியவள் என்பதற்குச் சான்றாகிறது.

அவரை விடுவிக்கக் குரலெழுப்பியோர் யாவர் என்பதும் சிந்திக்கத்தக்கது. அறிஞரல்லர், இரசிகர். மூளையற்ற கும்பல் என்று நாம் இகழும் அவ்விரசிகரே வழக்கு ஆவணங்களைத் தேடிப் படித்து, நீதிமன்ற வாயிலில் பதாகை ஏந்தி நின்றனர். அக்கிளர்ச்சியின் விளைவாகக் கலிபோர்னியா 2021இலும் 2022இலும் சட்டத்தைத் திருத்தியது. விருப்பமான சட்டத்தரணியைத் தெரிவுசெய்யும் உரிமை வலுப்பெற்றது. கட்டுப்பாடு குறைந்த மாற்று வழிகளை முதலில் ஆராய்தல் வேண்டும் என்பதும் விதியாயிற்று.

எனினும் இதனை வெற்றி என்று கொண்டாடி அமைதல் தகாது. உலகறிந்த, கோடிகளுக்கு உரிய ஒருத்திக்கே தன்னைத் தான் மீட்டுக்கொள்ளப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றனவெனில், பெயரும் பணமும் இரசிகரும் அற்ற முதியோரும் மாற்றுத்திறனாளரும் இத்தகைய ஏற்பாடுகளுக்குள் எவ்வாறு நலிவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்பின் பெயராலும் நலனின் பெயராலும் ஒருவரின் கையொப்பத்தைப் பறிக்கும் அதிகாரம் எங்கிருப்பினும், அதனை ஐயத்தோடு நோக்குவதே கற்றோர் கடன்.

2023இல் தமது வரலாற்றைத் தாமே நூலாக எழுதி வெளியிட்ட பிரிட்னி, 2024இன் தொடக்கத்தில் இசைத்துறைக்குத் தாம் ஒருபோதும் திரும்பப்போவதில்லை என்று அறிவித்தார். பலர் இதனை வீழ்ச்சி என்றனர். நாம் அவ்வாறு கொள்ளோம். உழைக்க மறுக்கும் உரிமையே உழைப்பாளியின் முதலுரிமை. பதினொரு வயது முதல் பிறருக்காகப் பாடிய பெண்ணொருத்தி, இனிப் பாடேன் என்று தானே சொல்லக்கூடிய நிலையை அடைந்தமை, அவர் விற்ற இலட்சக்கணக்கான இசைத்தட்டுகளிலும் பெரிய சாதனையாகும்.