மொட்டை மாடிப் பீட்சாவும் பக்கத்து வீட்டாரின் உரிமையும்



விடுமுறையில் ஊர் வரும் குடும்பங்களின் மாலைப்பொழுது இப்போது மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. வளைகுடாவிலிருந்து கொண்டு வந்த கரி அடுப்பு, மேலே கம்பி வலை, உள்ளே நமதூர் தேங்காய்ச் சிரட்டைக் கரி. முதலில் கோழி சுட்டார்கள். இப்போது பீட்சா சுடுகிறார்கள். சென்ற பெருநாளுக்கு மறுநாள் என் மச்சான் வீட்டு மாடியிலும் அதுதான் நடந்தது.

அங்கிருந்த பெரியவர் ஒருவர், "இது நமக்கு எதற்கு?" என்று வருந்தினார். நான் உடன்படவில்லை. தடை வராத உணவு ஆகுமானது என்பதே அடிப்படை. நாம் விரும்பி உண்ணும் பரோட்டாவின் மைதாவும் காவிரிக் கரையில் விளைந்ததன்று. பார்க்க வேண்டியது அதன்மேல் இடும் பொருள்களை. வெளிநாட்டுப் பெப்பரோனி பெரும்பாலும் பன்றி இறைச்சி கலந்தது. சீஸுக்காகப் பாலைத் திரிக்க உதவும் ரென்னெட் சில நாடுகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. நம் நாட்டில் பச்சைப் புள்ளியிட்ட சீஸில் அது இருக்கக் கூடாது என்பது சட்டம். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருவதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

என் கவலை வேறு. நம் தெருக்களில் ஒரு வீட்டுச் சுவரை ஒட்டியே அடுத்த வீட்டுச் சுவர் எழுகிறது. மாலையில் கடற்காற்று எழும்போது நம் மாடிப் புகை நம் மாடியோடு நிற்பதில்லை. சுடுமாவும் உருகும் சீஸும் கலந்த மணத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். அந்தப் பிள்ளைகளின் தந்தை இந்த ஆண்டு விடுப்புக் கிடைக்காமல் பாலைவனத்தில் இருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம்.

சமையல் மணத்தால் அண்டை வீட்டாரை நோகடிக்காதே, கொடுப்பதாக இருந்தாலன்றி, என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு சொல்லப்படுவதுண்டு. அதன் தொடர் பலவீனமானது. ஆகவே அதை ஆதாரமாக வைக்கவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியது முஸ்லிமில் பதிவான ஆதாரப்பூர்வமான செய்தி.

பீட்சாவில் தண்ணீரைக் கூட்ட முடியாதே என்பீர்கள். மாவைக் கூட்டலாம். அரைக் கிலோ மைதாவுக்கு முந்நூறு மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், உப்பு, சிறிது எண்ணெய். நடுத்தர அளவில் நான்கு வரும். ஒரு கிலோவாகப் பிசைந்தால் எட்டு. செலவு சீஸில்தான், மாவில் அன்று; சீஸைச் சற்று மெல்லியதாகத் தூவினால் போதும். கரியடுப்புக்கு அது நல்லதும்கூட. கனமாக அடுக்கினால் அடி கருகும்வரை மேலே உருகாது. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, எண்ணெய் தடவிய மாவை முதலில் வெறுமனே இரண்டு நிமிடம் சுட்டு, திருப்பி, சுட்ட பக்கத்தில் பொருள்களை இட்டு, தணல் குறைந்த பக்கம் நகர்த்தி மூடி வையுங்கள்.

மச்சான் வீட்டில் நான் கண்ட இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாவு பிசைந்ததும், வெங்காயம் அரிந்ததும், தட்டுகளைப் படியேற்றியதும் பெண்கள். ஆண்கள் அடுப்பருகே நின்று படம் எடுத்தோம் (நானும்தான்). இஷா பாங்கு சொன்னபோது, "இது மட்டும் வெந்துவிடட்டும்" என்றார் ஒருவர். அது வெந்தது, அடுத்ததும் வெந்தது, ஜமாஅத் முடிந்தது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியில் உள்ளது. நாங்கள் இரண்டிலும் தவறினோம். அஸருக்குப் பின் மாவு பிசைந்தால் நம் வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் பொங்கிவிடும். மஃரிப் தொழுது வந்து தணலை மூட்டி, இஷா பாங்கோடு மூடிவிட்டு, திரும்பி வந்து மீதியைச் சுடலாம். மாவு காத்திருக்கும்.

அண்டை வீட்டார் என்றால் முஸ்லிம் வீடு மட்டும் அன்று. அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மச்சானின் பின் வீட்டில் இறைச்சி உண்ணாத இந்துக் குடும்பம் இருக்கிறது. அன்று கம்பி வலையில் கோழி ஏறுவதற்கு முன்பே, குடைமிளகாயும் தக்காளியும் இட்ட முதல் இரண்டை என் தங்கை தனித்தட்டில் வைத்து அனுப்பிவிட்டாள். மாடியில் நின்ற எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை. மறுநாள் காலை அந்தத் தட்டு முருங்கைக்கீரையோடு திரும்பி வந்தது.